மோரியில் அடங்காத நுரை

என் மனைவி என்னை நுரை பார்க்க அனுப்பினாள். மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருபது வருஷமாக நான் செய்கிற வேலையே அதுதான். தொட்டி மேல் இன்று என்ன நுரை நிற்கிறது, என்ன நிறம், எத்தனை விரற்கடை, ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் என்ன கிருமி தெரிகிறது என்று எழுதிவைப்பேன். விருந்துகளில் என் தொழிலைக் கேட்டவர்கள் உடனே பேச்சை மாற்றிவிடுவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளும் கேட்டதில்லை. இந்த முறை அவளாகவே கேட்டாள். "உங்க நுரைப் படிப்ப வெச்சு சுமதியக் காப்பாத்த முடியுமா?"

சுமதி அவள் தங்கை. கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்கிற பேட்டைப் பக்கம், பழைய மைன்ஸ் குவார்ட்டர்ஸ் ஒன்றின் பின்புறம் தகர ஷெட் போட்டுச் சோப் ஆயில் தயாரிக்கிறாள். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் கேன் கேனாக வாங்கிப்போவார்களே, அதுதான். அவளோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஷெட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய், கொஞ்சம் கீழே, ஒரு மோரிக்கடியில் நுழைந்து போகிறது. மோரி என்றால் அங்கே சாக்கடை, சிறுபாலம் இரண்டும். மழை விட்ட ஒருநாள் அந்த மோரியில் ஆள் உயரத்துக்கு நுரை கிளம்பி, காற்றில் பறந்து ரோட்டில் விழுந்து, பால்காரர் ஒருவருடைய வண்டி சறுக்கி அவர் கால் உடைந்துவிட்டது. நுரை என்றால் சோப்பு, சோப்பு என்றால் சுமதி என்று ஊர் கணக்கை முடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கோலாரில் அதிகாரி முன்னால் ஆஜராகி விளக்கம் தரவேண்டும், இல்லையென்றால் ஷெட்டுக்குச் சீல் என்று நோட்டீஸ் வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து தங்கவயல் போகும் ரயிலில் ஏறினேன். காலியாக இருந்த ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்ததும் நாலு பேர் என்னையே பார்த்தார்கள். "சார், அது வெங்கடேசன் சீட்டு. அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாரு" என்றார் ஒருவர். முன்பதிவு இல்லாத பெட்டி. ஆனாலும் தினமும் விடியலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியதும் திரும்புகிற ஜனங்களுக்கு ஆளுக்கொரு இடம் உண்டு. எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் சண்டை வரும். நான் எழுந்து, கதவோரம் என் சூட்கேஸின் மேல் உட்கார்ந்துகொண்டேன். உடனே அவர்களுக்கு என் மேல் அன்பு வந்து, நிலக்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்கள்.

பேச்சு நுரைக்கு வந்தது. "அந்த சோப்பம்மா ஷெட்ட மூடினாத்தான் அடங்கும்" என்றார் கடலை கொடுத்தவர். "இன்னாத்த அடங்கும்? சயனைட் மேட்லருந்து வருதுப்பா அது" என்றார் இன்னொருவர். முதலாமவர் என்னைப் பார்த்து, "நீங்க யார் வூட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டார். வாயில் இருந்த கடலை தொண்டையில் நின்றுவிட்டது. "சொந்தக்காரங்க வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு இருட்டைப் பார்க்கத் திரும்பினேன். அந்தச் சின்னக் கோழைத்தனம் மூன்று நாள் கழித்துப் பெரிதாக வளர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுமதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். "வாங்க மாமா. கை கால் கழுவுங்க, களி ஆறிடும்" என்றாள். ராகிக் களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். ஈப்போவில் என் மனைவி களி கிண்டினால் நான் வெளியே போய் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருகிறவன். அன்று இரண்டாம் உருண்டை கேட்டேன். அவள் சாப்பிடவில்லை. "ஷெட்டு போச்சுன்னா நான் மறுபடியும் அந்த விடியக்கால ரயில்தான் மாமா. பத்து வருசம் கார்மெண்ட்ஸ் போய்ட்டு வந்தேன். இனிமே ஒடம்பு தாங்காது" என்றாள்.

புதன்கிழமை காலை மோரிக்குப் போனோம். சயனைட் மேடு என்று அவர்கள் சொல்வது, சயனைட் போட்டுத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் மலைபோல் குவிந்து கிடப்பது. எங்கள் பக்கத்து வெள்ளீயச் சுரங்கங்கள் குட்டைகளை விட்டுப் போயின, இங்கே மேடுகள். மேட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் மோரியை நெருங்கியதும் நின்றுவிட்டேன். வாடை முதலில் வந்தது. பிறகு நுரை. அது வெள்ளையாக இல்லை. பழுப்பு நிறம், பால் ஏடு போலத் தடிப்பு. ஒரு குச்சியால் குத்தினேன். குழி விழுந்தது, மூடிக்கொள்ளவில்லை. இருபது வருஷமாகத் தினமும் பார்க்கிற முகத்தை கடல் தாண்டி வந்து பார்த்ததுபோல் இருந்தது.

"இது உன் சோப்பு மட்டும் இல்ல சுமதி" என்றேன். சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்த 'மட்டும்' என்ற சொல்லைக் கேட்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

மோரிக்கு எதிரே டீக்கடை இருந்தது. அங்கே வைத்துத்தான் அவளுக்கு விளக்கினேன். கடைக்காரர் பால் சேர்க்காத டீயை ஆற்றினால் நுரை வரும், வந்த வேகத்தில் போகும். பால் டீயை ஆற்றினால் நுரை தம்ளர் மேலேயே நிற்கும், ஏனென்றால் பாலில் இருக்கும் சத்து குமிழியின் தோலைக் கெட்டிப்படுத்துகிறது. கால்வாயிலும் அதே கதைதான். சோப்பு குமிழியை உண்டாக்கும், ஆனால் தானே நிறுத்திவைக்காது. கழிவுத் தண்ணீரில் வளரும் சில கிருமிகள் நூல் நூலாகக் கிளைவிடும். அவற்றின் உடம்பில் மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் பிடிக்காது, எனவே மேலே வந்து குமிழியின் தோலில் ஒட்டிப் பின்னிக்கொள்ளும். போதாததற்குப் பல கிருமிகள் சோப்பு மாதிரியான சரக்கைத் தாங்களே கக்கவும் செய்யும். எண்ணெய்ப் பிசுக்கும் மலமும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. மழைத்தண்ணீர் வந்து அடிமண்டியைக் கலக்கி மோரியில் கொட்டினால் இப்படி எழும்பி நிற்கும்.

"அப்ப ஊரு மொத்தத்தோட கக்கூசும்தான் காரணம்னு சொல்லுங்க" என்றாள். டீக்கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

பெங்களூரில் ஒரு லேபில் சொல்லிவைத்திருந்தேன். கிருமிகள் உயிரோடு போய்ச்சேர வேண்டும். மூன்று பாட்டில்களில் மோரித் தண்ணீரும் நுரையும் பிடித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். வியாழன் விடியற்காலை ரயிலில் நானே கொண்டுபோவது, சாயங்காலத்துக்குள் ஒரு சோதனைச் சீட்டு வாங்கிவருவது என்று திட்டம். பக்கத்து வீட்டு நடேசன் அண்ணன் எனக்குத் துணையாக இருந்தார். மைன்ஸ் மில்லில் சயனைட் செக்ஷனில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பாட்டில் பிடிக்கும்போது அவர் கை ஆடவேயில்லை. "சாம்பிள் எடுக்கறது எனக்குப் புதுசு இல்லீங்க. ஷிப்ட்டுக்கு நாலு வாட்டி எடுப்போம்" என்றார். பெட்டியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழன் விடியலில் அவர்தான் மொபெட்டில் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். பிளாட்பாரத்தில் டிபன் பாக்ஸும் ஸ்வெட்டருமாக ஜனம் நின்றது. ரயில் வரச் சில நிமிஷம் இருந்தது. ஐஸ் உருகியிருக்கிறதா என்று பெட்டியைத் திறந்தேன். மூன்று பாட்டிலிலும் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நுரை எல்லாம் திரிந்து தயிராகக் கிடந்தது.

"அண்ணே, இதுல என்ன போட்டீங்க?"

"சுண்ணாம்பு" என்றார் அவர், பெருமையாக. "நீங்க மறந்துட்டீங்க, நான் பாத்தேன். சாம்பிள் பாட்டில்னா மொதல்ல சுண்ணாம்பு, அப்புறம்தான் மூடி. இல்லன்னா சயனைட் காத்தா எழும்பிடும். எங்க மில்லுல ரூலே அதுதான்."

"இதுல சயனைட் இருக்குன்னு யார் சொன்னா?"

"இல்லன்னு யார் சொன்னா? இவ்ளோ ஜனம் போற ரயில்லங்க. மூடி தொறந்துச்சுன்னா?"

நான் கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கத்த முடியவில்லை. அவர் காப்பாற்ற நினைத்தது எனக்குக் கடலை கொடுத்த ஆட்களை. ரயில் வந்தது, ஏறினார்கள், அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள், போய்விட்டது. நான் செத்த கிருமிகளோடு பிளாட்பாரத்தில் நின்றேன். கோலாருக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம். அடுத்த ரயிலில் போனால் சாயங்காலத்துக்குள் லேப் சீட்டு கிடைக்காது.

விஷயம் தெரிந்ததும் நடேசன் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகு திடீரென்று எழுந்துவந்து, சுண்ணாம்பு பாட்டில் ஒன்றைக் குலுக்கிக் காட்டினார். நுரை வரவில்லை. "பாருங்க! கிருமி செத்துச்சு, நுரையும் செத்துச்சு. இதையே கொண்டுபோய்க் காட்டலாமே!" சுமதியின் முகம் மலர்ந்தது. நான்தான் கெடுத்தேன். "சுண்ணாம்பு கிருமியையும் கொல்லும், சோப்பையும் திரிக்கும். போர்வெல் தண்ணியில துணி சோப்பு நுரைக்காதுன்னு உங்களுக்கே தெரியும். எது போனதால நுரை போச்சுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

மறுபடி மோரிக்கு ஓடினோம், மறுபடி பிடித்தோம். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ரத்தம் பரிசோதிக்கும் ஒரு சின்ன லேப் இருந்தது. அங்கிருந்த பெண் பாட்டிலைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு கன்னடத்தில் பொரிந்தாள். "ஜனங்கள் ரத்தம் கொடுக்கிற இடத்துக்குச் சாக்கடையைத் தூக்கிக்கொண்டு வருவீர்களா?" என்று அர்த்தமாம். நியாயமான கேள்வி. சுமதி அவளிடம் நோட்டீஸைக் காட்டினாள். அந்தப் பெண் படித்தாள். பின்பக்கம் மேஜையில் பேப்பர் விரித்து, மைக்ராஸ்கோப்பையும் சாயத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆள் வருவதற்குள் முடிக்கச் சொன்னாள்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நுரையைத் தேய்த்துக் காயவைத்துச் சாயம் ஏற்றினேன். லென்ஸைத் திருப்பத் திருப்ப மங்கலாகவே இருந்து, ஒரு நொடியில் தெளிந்தது. ஊதா நிற நூல்கள், கிளைவிட்டுக் கிளைவிட்டு, வேர்முடிச்சு மாதிரி. அசிங்கம் என்று உலகம் சொல்லும் அந்தப் பொருளைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போனை லென்ஸின் மேல் வைத்துப் படம் எடுத்தேன். அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்தாள். "அழகாக இருக்கிறது" என்றாள்.

படம் மட்டும் போதாது, அதிகாரி கண்ணால் பார்க்கவேண்டும். மத்தியானம் ஷெட்டில் நாலு பாட்டில் வைத்தேன். முதலாவதில் குழாய்த் தண்ணீரும் சுமதியின் சோப் ஆயிலும். இரண்டாவதில் ஊர்ச் சாக்கடை வந்து சேருவதற்கு மேலே எடுத்த கால்வாய்த் தண்ணீர். மூன்றாவதில் வெறும் மோரித் தண்ணீர். நான்காவதில் மோரித் தண்ணீரோடு ஒரு ஸ்பூன் சோப் ஆயில். நாலையும் ஒரே மாதிரி குலுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பிவந்தபோது முதலாவதும் இரண்டாவதும் அடங்கியிருந்தன. மூன்றாவதில் பழுப்பு நுரை அப்படியே நின்றது. நான்காவதில் நுரை கழுத்துவரை ஏறி, மூடி போட்டதுபோல் இறுகியிருந்தது. தலைகீழாகக் கவிழ்த்தேன், அசையவில்லை.

சுமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இன்னாது மாமா?"

"நிறுத்திவைக்கிறது கிருமி. ஆனா இவ்வளவு உசரத்துக்கு ஏத்திவிடறது சோப்பு. சுமதி, டிரம் எங்க கழுவறீங்க?"

அவள் கால்வாய்ப் பக்கம் பார்த்தாள். "சனிக்கெழம சனிக்கெழம. சோப்பு ஆயிலுக்கு ஊத்தறமே, அந்த ஆசிட் சிலரி டிரம்மு. எல்லா வூட்டுத் தண்ணியும்தானே அதுல போவுது?"

"அதையும் சொல்லணும்."

"நீங்க யார் பக்கம் மாமா?" குரல் உயர்ந்தது. "ஊரே கழிஞ்சு ஊத்துது, ஒருத்தனுக்கும் நோட்டீஸ் இல்ல. எனக்கு மட்டும் நாலாவது பாட்டிலா?"

இருக்கிறதை இருக்கிறபடி சொன்னால்தான் மற்றதை நம்புவார்கள் என்று பெரிய மனுஷனாகப் பேசினேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று களி இல்லை. நடேசன் அண்ணன் வீட்டிலிருந்து உப்புமா வந்தது. அதை நானும் அவரும் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை கோலார் பஸ் பாதிவழியில் பஞ்சரானது. ரோட்டோரம் நின்றோம். மணி பத்தேகால். சுமதி அந்த நோட்டீஸை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள், மடிப்பில் அது கிழிய ஆரம்பித்திருந்தது. முந்தின நாள் கோபம்கூட அவளிடம் மிச்சமில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு காரியம் செய்தேன். பையிலிருந்த நான்காவது பாட்டிலை என் துண்டில் சுற்றி அடியில் தள்ளிவிட்டேன். மூன்று போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பின்னால் வந்த டெம்போ எங்களை ஏற்றிக்கொண்டது. பதினொன்றே காலுக்குப் போய்ச்சேர்ந்தோம்.

அதிகாரி நடுவயதுப் பெண்மணி. மூலையில் பால்காரர் கோவிந்தராஜ், மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அதிகாரி கன்னடத்தில் பேசினார். எனக்குக் கன்னடம் தெரியாததால் சுமதிதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தன் வழக்குக்குத் தானே மொழிபெயர்ப்பாளர். மூன்று பாட்டில்களையும் மேஜையில் வைத்துக் குலுக்கினேன். போனில் அந்த ஊதா நூல்களைக் காட்டினேன். டீ நுரைக் கதை சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சோப்பு பாட்டிலின் நுரை இறங்கத் தொடங்கியிருந்தது. மோரித் தண்ணீரின் நுரை நின்றது. அதிகாரி அதைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

 சுமதி என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "'அப்படின்னா இந்தம்மா சோப்புக்கு இதுல பங்கே இல்லையா?'ன்னு கேக்கறாங்க மாமா."

ரயிலில் சிக்கிய கடலை மறுபடி தொண்டையில் வந்து நின்றது. "பெருசா ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்றேன்.

அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. குனிந்து என் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். துண்டைப் பிரித்து நான்காவது பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். நேற்று ஏறிய நுரை இன்னும் கழுத்திலேயே நின்றது. கன்னடத்தில் அவளே பேசினாள். என்ன பேசினாள் என்று வெளியே வந்தபிறகுதான் எனக்குச் சொன்னாள். 'இதில் ஒரு ஸ்பூன் என்னுடையது. சனிக்கிழமைகளில் டிரம் கழுவிய தண்ணீரை நான் கால்வாயில்தான் விட்டேன். இனி விடமாட்டேன். மீதியை விடுகிறவர்கள் யார் என்று நீங்கள் பாருங்கள்.'

அதிகாரி நெடுநேரம் எழுதினார். ஷெட்டுக்கு இப்போது சீல் இல்லை. ஒரு மாதத்துக்குள் டிரம் கழுவும் தண்ணீருக்குத் தனித்தொட்டி கட்டவேண்டும், கால்வாயில் ஒரு சொட்டு போகக்கூடாது, ஆள் வந்து பார்ப்பார்கள், மீறினால் அன்றைக்கே சீல். கால்வாயில் சாக்கடை சேரும் இடங்களைப் பார்வையிடவும் உத்தரவு. மூன்றாவது பாட்டிலை மேஜையிலேயே விட்டுப்போகச் சொன்னார். எப்போது அடங்கும் என்று கேட்டார். சாப்பாடு போடுவதை நிறுத்தினால் என்றேன். சுமதி அதைச் சரியாக மொழிபெயர்த்தாள்.

கோவிந்தராஜும் தங்கவயலுக்குத்தான் திரும்பவேண்டும். அந்தக் காலோடு பஸ் ஏற முடியாது என்று ஆட்டோவில் சேர்த்துக்கொண்டோம். மோரி வந்ததும் அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். நுரை பழையபடி மிதந்துகொண்டிருந்தது.

"எங்க வூட்டுதும் இதுலதான் வருதும்மா" என்றார். "ஒம்பேர எழுதிக் குடுத்தது நான்தான்."

"தெரியும்ணா" என்றாள் சுமதி.

"சனிக்கெழம பால் ஊத்த வர்றப்போல்லாம் நீங்க டிரம்மு கழுவறத பாத்துக்கினேதான் இருந்தேன். இன்னிக்கு நீ இல்லன்னு சொல்லியிருந்தா, எழுந்து நின்னு சொல்றதுக்குத்தான் இந்தக் காலோட கோலாருக்கே வந்தேன். உங்க மாமா கொண்டாந்த மத்த பாட்டிலையும் எவனும் நம்பியிருக்கமாட்டான்."

நான் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். சுமதி என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கருணைக்கு இன்றுவரை அவளிடம் நன்றி சொன்னதில்லை.

ஷெட்டில் நடேசன் அண்ணன் தொட்டிக்கு இடம் பார்த்துக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. மனைவி. "என்னாச்சு? காப்பாத்திட்டீங்களா?"

"காப்பாத்தியாச்சு. என்னையும் சேர்த்து உன் தங்கச்சிதான் காப்பாத்தினா" என்றேன்.